1984–85 பிக் ஈஸ்ட்: அந்த வருடத்தின் உண்மையான சாம்பியன் யார்?

கடைசிவரிசை

போன வாரம் முழுக்கப் பழைய அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1985 ஏப்ரல் 1 அன்று கென்டக்கியில் உள்ள லெக்சிங்டனில் நடந்த இறுதி ஆட்டத்தை மட்டும் மூன்று முறை பார்த்தாயிற்று. வில்லனோவா 66, ஜார்ஜ்டவுன் 64. தன் மண்டலப் பிரிவில் எட்டாம் தரவரிசையில் வந்த அணி, நடப்புச் சாம்பியனைத் தோற்கடித்த இரவு. இன்றுவரை தேசியக் கல்லூரிப் பட்டமான என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்ற அணிகளில் அதைவிடக் கீழான தரவரிசை எதற்கும் இல்லை.

எல்லாரும் அந்த ஓர் இரவைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த இரண்டு அணிகளும் ஒரே கான்ஃபரன்ஸ். பிக் ஈஸ்ட். தேசியப் போட்டியின் அரையிறுதிச் சுற்றான ஃபைனல் ஃபோரில் ஆடிய நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட். மூன்றாவது அணி செயின்ட் ஜான்ஸ். ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து மூன்று அணிகள் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

லீக் ஆட்டங்களின் கணக்கைப் பாருங்கள். செயின்ட் ஜான்ஸ் 15 வெற்றி, 1 தோல்வி. ஜார்ஜ்டவுன் 14–2. அதற்குக் கீழே ஒரு பெரிய இடைவெளி விட்டு சிரக்யூஸும் வில்லனோவாவும் 9–7. பிட்ஸ்பர்க் 8–8, பாஸ்டன் காலேஜ் 7–9, கனெக்டிகட் 6–10, ப்ராவிடென்ஸ் 3–13, செட்டன் ஹால் 1–15.

அதாவது லீகை வென்றது செயின்ட் ஜான்ஸ். மார்ச்சில் கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்றது ஜார்ஜ்டவுன். தேசியப் பட்டம் வில்லனோவாவுக்கு. மூன்று கிரீடம், மூன்று தலை. இதில் எது அந்த வருடத்தின் அணி? என் ஓட்டு ஜார்ஜ்டவுனுக்கு. மொத்தம் 35–3. அந்த மூன்று தோல்விகளும் 66–65, 65–63, 66–64. மூன்றையும் கூட்டினால் ஐந்தே புள்ளி. ஒரு முழு சீசனில் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் மட்டும் தோற்ற அணியை இரண்டாமிடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூறல்

கூடைப்பந்து பார்ப்பேன், ஆனால் கல்லூரி ஆட்டம் எனக்குப் புதிது. கான்ஃபரன்ஸ் என்பது ஐ.பி.எல். மாதிரி ஒரு லீகா? லீகை ஒருவர் வென்று, கோப்பையை இன்னொருவர் வென்று, தேசியப் பட்டம் மூன்றாமவருக்குப் போவது எப்படி? கொஞ்சம் விளக்குங்களேன்.

பழையநாளிதழ்

தூறல், நல்ல கேள்வி. அமெரிக்காவில் முதல் பிரிவில் ஆடும் கல்லூரிகள் சில நூறு. எல்லாரும் எல்லாரோடும் ஆட முடியாது. அதனால் அந்தக் காலத்தில் எட்டு, பத்து கல்லூரிகள் சேர்ந்து ஒரு குழுவாக ஆடின. அதுதான் கான்ஃபரன்ஸ். அந்த வருடம் பிக் ஈஸ்டில் ஒன்பது அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற எட்டு அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று பதினாறு லீக் ஆட்டம். இது ஜனவரி, பிப்ரவரி முழுக்க நடக்கும். அப்புறம் மார்ச் தொடக்கத்தில் ஒன்பது பேரும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடி, தோற்றால் வெளியே என்ற முறையில் ஒரு கோப்பை. அதற்குப் பிறகு நாடு முழுவதுமிருந்து அணிகள் வந்து மோதும் என்.சி.ஏ.ஏ. போட்டி. அதில் 64 அணிகள் ஆடத் தொடங்கியதே 1985-இல்தான். பிக் ஈஸ்டின் ஒன்பதில் ஆறு அணிகளுக்கு இடம் கிடைத்தது.

இன்னொன்று. பிக் ஈஸ்ட் அப்போது ஆறு வயதுக் குழந்தை. 1979-இல் ப்ராவிடென்ஸ் கல்லூரியின் டேவ் காவிட் உருவாக்கியது. அதற்கு முன் கிழக்குக் கடற்கரைக் கல்லூரிகள் பெரும்பாலும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் என்று தொலைக்காட்சிப் பெட்டி அதிகம் உள்ள நகரங்களின் கல்லூரிகளை ஒரே வலையில் கோர்த்தார் காவிட். அடுத்த வருடம் வில்லனோவா வந்ததும் ஃபிலடெல்பியாவும் சேர்ந்துகொண்டது. அதே 1979-இல் ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி தொடங்கியது. அவர்களுக்கு ஒளிபரப்ப ஆட்டம் வேண்டும், இவர்களுக்குக் காட்ட மேடை வேண்டும். திங்கட்கிழமை இரவு பிக் ஈஸ்ட் ஆட்டம் என்பது ஒரு வழக்கமாகவே ஆனது. நியூயார்க் தெருக்களில் ஆடி வளர்ந்த பையன்கள் தெற்கே போகாமல் பக்கத்திலேயே தங்க அது பெரிய காரணம்.

இடக்கை

கடைசிவரிசை அண்ணா, உங்கள் ஐந்து புள்ளிக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதில் முதல் ஒரு புள்ளி எங்கள் செயின்ட் ஜான்ஸ் எடுத்தது. 1985 ஜனவரி 26, ஜார்ஜ்டவுனின் சொந்த அரங்கான கேப்பிட்டல் சென்டரில். 29 ஆட்டம் தொடர்ந்து வென்று வந்த அணியின் ஓட்டம் அன்றுதான் நின்றது. இரண்டே நாளில் சிரக்யூஸும் அவர்களை வீழ்த்தியது.

பதினாறு ஆட்டங்களில் பதினைந்து வெற்றி. அதுவும் ஜார்ஜ்டவுனின் யூயிங் ஒரு பக்கம், சிரக்யூஸின் பேர்ல் வாஷிங்டன் ஒரு பக்கம், வில்லனோவாவின் பின்க்னி ஒரு பக்கம் நிற்கும் லீகில். பனி கொட்டும் ஜனவரியில், எட்டு வெளியூர் அரங்குகளில், உன் ஆட்டத்தை வரி விடாமல் படித்து வைத்திருக்கும் எதிரிகளோடு ஆடி வாங்கிய பெயர் அது. நாக் அவுட்டில் ஒரு நல்ல இரவு போதும். லீகில் அது போதாது.

கிறிஸ் மல்லினைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். புரூக்ளின் பையன், இடது கை. பெரிய கல்லூரிகள் கூப்பிட்டும் குயீன்ஸில் இருக்கும் செயின்ட் ஜான்ஸுக்கே வந்தவர். வேகம் இல்லை, பெரிதாகக் குதிக்கவும் மாட்டார். ஆனால் பந்து கையை விட்டுப் போகும் அந்தக் கணம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 19.8 புள்ளி. நாட்டின் சிறந்த வீரருக்கான வுடன் விருது அவருக்கு. கல்லூரி வாழ்க்கை முழுவதுமாக 2,440 புள்ளி. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலம் அது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தூரத்திலிருந்து அவர் போட்ட எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் எழுதப்பட்டது.

வடகரையான்

மல்லின் மட்டுமல்ல, அந்த அணியே தங்கம். ஜூனியர் காலேஜிலிருந்து வந்த வால்டர் பெர்ரி அடுத்த வருடம் அதே வுடன் விருதை வாங்கினார். கனடாவின் மான்ட்ரியல் பையன் பில் வென்னிங்டன் பிற்பாடு சிகாகோ புல்ஸுடன் மூன்று முறை சாம்பியன். அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மார்க் ஜாக்சன் 1988-இல் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் சிறந்த புதுமுகம். இத்தனை பேரையும் ஓரத்தில் நின்று ஆட்டுவித்தவர் லூ கார்னசெக்கா. அந்த ஸ்வெட்டரோடு.

தூறல்

ஸ்வெட்டரா?

வடகரையான்

ஆமாம், அதற்கென்று ஒரு கதையே இருக்கிறது. ஜனவரியில் கார்னசெக்காவுக்குச் சளி. பிட்ஸ்பர்க் ஆட்டத்துக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார். பழுப்பு நிறம், நெஞ்சில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். கண்ணை உறுத்தும். அன்று ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கும் அதே ஸ்வெட்டர், மறுபடி ஜெயம். அப்புறம் அதைக் கழற்ற முடியுமா? வெற்றி தொடரத் தொடர நியூயார்க்கே அந்த ஸ்வெட்டரைப் பார்க்கக் காத்திருந்தது.

பிப்ரவரி 27, மேடிசன் ஸ்கொயர் கார்டன். செயின்ட் ஜான்ஸ் நாட்டின் முதலிடம், ஜார்ஜ்டவுன் இரண்டாமிடம். ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்சன் ஆறடி பத்தங்குல உயரம், எப்போதும் கடுகடுவென்று இருப்பவர் என்று பெயர். கோட் போட்டுக்கொண்டு அரங்குக்குள் வந்தவர், கார்னசெக்கா முன்னால் வந்து கோட்டைத் திறந்து காட்டினார். உள்ளே அதே கோடு போட்ட டி-ஷர்ட். அரங்கமே அதிர்ந்தது. அதன் பிறகு நடந்த ஆட்டத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. ஜார்ஜ்டவுன் 85, செயின்ட் ஜான்ஸ் 69.

கடைசிவரிசை

நான் சொல்ல வந்ததும் அதுதான். இடக்கை, ஜனவரியில் அந்த ஒரு புள்ளி உங்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரு அணிகளும் மூன்று தடவை மோதின. பிப்ரவரியில் 85–69. மார்ச்சில் பிக் ஈஸ்ட் கோப்பை இறுதியில் 92–80. ஃபைனல் ஃபோர் அரையிறுதியில் 77–59. பதினாறு, பன்னிரண்டு, பதினெட்டு. ஒருமுறை தோற்ற பிறகு எதிராளியை எப்படிப் பூட்டுவது என்று தாம்சன் கண்டுபிடித்துவிட்டார். மல்லினுக்குப் பந்து போகும் வழியையே டேவிட் விங்கேட்டை வைத்து அடைத்தார். அந்த வருடம் செயின்ட் ஜான்ஸ் மொத்தம் நான்கு ஆட்டம்தான் தோற்றது, அதில் மூன்று ஒரே அணியிடம்.

இடக்கை

மூன்று தடவை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த அரையிறுதியில் மல்லினுக்கு எட்டே புள்ளி. அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம் அப்படி முடிந்தது இன்றும் வலிக்கிறது. ஆனாலும் லீகின் பட்டியலை அழிக்க முடியாது. பதினைந்துக்கு ஒன்று.

பழையநாளிதழ்

இந்த இழையில் யூயிங்கை இதுவரை ஒரு பெயராக மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் நின்று பேச வேண்டிய மனிதர் அவர்.

பேட்ரிக் யூயிங் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்து கூடைப்பந்தைத் தொட்டார். 1981-இல் ஜார்ஜ்டவுனில் சேர்ந்தார். நான்கு வருடத்தில் மூன்று தேசிய இறுதி ஆட்டம். 1982-இல் மைக்கேல் ஜோர்டான் என்ற முதலாம் ஆண்டுப் பையன் போட்ட ஷாட்டில் வட கரோலினாவிடம் 63–62 தோல்வி. 1984-இல் ஹூஸ்டனை 84–75 என்று வீழ்த்திப் பட்டம். அந்த வெற்றியால் முதல் பிரிவு ஆண்கள் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்சியாளர் ஆனார் தாம்சன். 1985-இல் வில்லனோவா.

எண்ணிக்கையில் மல்லின் பெரியவராகத் தெரிவார். யூயிங்கின் அந்த சீசன் சராசரி 14.6 புள்ளி, 9.2 ரீபவுண்டு. ஆனால் அவர் கூடைக்கு அடியில் நின்றால் எதிரணி உள்ளே வரவே யோசிக்கும். எடுக்காமல் விட்ட ஷாட்டுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. லீகின் சிறந்த வீரர் விருதை அந்த வருடம் இருவருக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள். நாட்டளவில் வுடன் விருது மல்லினுக்கு, அதே மாதிரியான நெய்ஸ்மித் விருது யூயிங்குக்கு.

இதற்கெல்லாம் நடுவில் அந்த இளைஞர் எதைத் தாங்கிக்கொண்டு ஆடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியூர் அரங்குகளில் அவருக்குப் படிக்கத் தெரியாது என்று பதாகை எழுதிப் பிடித்தார்கள். குரங்கு என்று எழுதினார்கள். வாழைப்பழத் தோல் எறிந்தார்கள். பனிக்காலத்து விளையாட்டு உற்சாகம் என்று யாரும் அதைக் கடந்து போகக் கூடாது. அது அப்பட்டமான நிறவெறி. தாம்சன் தன் பையன்களைப் பத்திரிகைக்காரர்களிடமிருந்து பொத்திப் பொத்தி வைத்தார். அதைக் கேலி செய்து எழுதியவர்கள், அவர் எதிலிருந்து பொத்துகிறார் என்று கேட்கவில்லை. தன் மேசையில் காற்றுப் போன ஒரு கூடைப்பந்தை வைத்திருப்பார் தாம்சன். காற்று போன பிறகு உனக்கு என்ன மிச்சம் என்று பையன்களைக் கேட்பதற்காக.

யூயிங்கின் அம்மா 1983-இல் இறந்துபோனார். பட்டப்படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, என்.பி.ஏ. பணம் வாசலில் காத்திருந்தும் நான்கு வருடம் இருந்தார். 1985-இல் நுண்கலையில் பட்டம் வாங்கினார். அதே கோடையில் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை எடுக்கும் முதல் லாட்டரி முறைத் தேர்வில் முதல் ஆளாக நியூயார்க் நிக்ஸுக்குப் போனார்.

தூறல்

இதைப் படித்த பிறகு அந்த இறுதி ஆட்டத்தில் அவர் தோற்றது கஷ்டமாக இருக்கிறது. வில்லனோவா ஜெயித்தது அதிர்ஷ்டம் என்கிறார்களே, உண்மையா?

வடகரையான்

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லாரும் சொல்லும் எண் தெரியும். 28 ஷாட் எடுத்து 22 உள்ளே. 78.6 சதவீதம். இரண்டாம் பாதியில் பத்துக்கு ஒன்பது. இறுதி ஆட்டத்தில் அப்படி யாரும் போட்டதில்லை. இதைப் பார்த்துவிட்டு அன்று பந்து தானாக விழுந்தது என்கிறார்கள். நான் பார்ப்பது இன்னொரு எண்ணை. 28. நாற்பது நிமிடத்தில் 28 ஷாட் மட்டும்! ஜார்ஜ்டவுன் எடுத்தது 53. அந்த என்.சி.ஏ.ஏ. போட்டியில், இத்தனை விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்ற ஷாட் கிளாக் கிடையாது. 45 விநாடி விதி அடுத்த சீசனில்தான் எல்லாருக்கும் வந்தது. அதனால் நல்ல ஷாட் வரும்வரை பந்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். யூயிங் முன்னால் அவசரப்பட்டுப் போடக் கூடாது என்ற பாடம் அவர்களுக்கு எங்கே கிடைத்தது? லீகில். அதே சீசனில் ஜார்ஜ்டவுனோடு இரண்டு தடவை ஆடியிருந்தார்கள். 52–50, அதுவும் கூடுதல் நேரத்தில். அப்புறம் 57–50. இரண்டிலும் தோல்விதான், ஆனால் ஸ்கோரைப் பாருங்கள். நாட்டில் மற்ற அணிகள் ஜார்ஜ்டவுன் நெருக்கிப் பிடித்து ஆடும் பிரஸ்ஸைக் கண்டாலே கைகால் நடுங்கின. இவர்களுக்கு அது பழகிய முகம்.

எட் பின்க்னி நான்கு வருடமாக யூயிங்கோடு முட்டி மோதியவர். பிராங்க்ஸ் பையன். இறுதி ஆட்டத்தில் 16 புள்ளி எடுத்து, யூயிங்கை 14-இல் நிறுத்தி, போட்டியின் சிறந்த வீரர் ஆனார். டுவேன் மெக்லெய்ன் 17. பெஞ்சிலிருந்து வந்த ஹாரல்ட் ஜென்சன் ஐந்து ஷாட்டில் ஐந்தையும் போட்டார். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, இரண்டரை நிமிடம் மிச்சம் இருக்கையில் வலப்பக்கத்திலிருந்து அவர் போட்டதுதான் ஆட்டத்தைத் திருப்பியது. பிறகு ஃப்ரீ த்ரோ, ஃப்ரீ த்ரோ, ஃப்ரீ த்ரோ. மொத்தம் 27-இல் 22.

கடைசிவரிசை

நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு கேள்வி. இறுதி ஆட்டத்துக்கு முன் அந்த வருடம் வில்லனோவாவுக்கு ஜார்ஜ்டவுனிடம் இரண்டு தோல்வி, செயின்ட் ஜான்ஸிடம் மூன்று தோல்வி. ஐந்துக்கு ஐந்து. செயின்ட் ஜான்ஸை அவர்கள் அந்த சீசனில் வென்றதே இல்லை. லீகின் கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 85–62 என்று உதை வாங்கினார்கள். அந்த அணியை வருடத்தின் சிறந்த அணி என்று எப்படி எழுதுவது?

வடகரையான்

அந்த பிட்ஸ்பர்க் ஆட்டத்தைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். மோசமாக ஆடியதற்காகக் கோச் ராலி மாசிமினோ இரண்டாம் பாதியில் தன் முதல் ஐந்து பேரையும் உட்கார வைத்துவிட்டார். என்.சி.ஏ.ஏ. இடம் கிடைக்குமா என்றே சந்தேகமாக இருந்த நேரம் அது! ஒரு கோச் அந்தத் துணிச்சலை எங்கிருந்து எடுத்தார்? சில நாள் கழித்து பிக் ஈஸ்ட் கோப்பையில் அதே பிட்ஸ்பர்க்கை வென்றார்கள். அப்புறம் என்.சி.ஏ.ஏ. போட்டியில் டேட்டனை அவர்கள் சொந்த அரங்கிலேயே 51–49. தங்கள் மண்டலத்தின் முதல் தரவரிசை மிச்சிகனை 59–55. லென் பயஸ் ஆடிய மேரிலாந்தை 46–43. வட கரோலினாவை 56–44. மெம்ஃபிஸ் ஸ்டேட்டை 52–45. அந்தப் போட்டியில் ஒரு ஆட்டத்தில்கூட எதிரணியை 60-ஐத் தொட விடவில்லை, இறுதி ஆட்டம் வரை.

சிறந்த அணி ஜார்ஜ்டவுன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஜார்ஜ்டவுனைச் சரியாக அறிந்த அணி வில்லனோவா. பதினாறு ஆட்டம் கொண்ட அந்த லீக் இல்லையென்றால் அந்த அறிவு இல்லை. அந்தப் பட்டத்தை வில்லனோவாவுக்கு பிக் ஈஸ்ட் கொடுத்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

இடக்கை

இதை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

சரி, பேர்லை விட்டுவிட்டு இந்த இழையை முடித்தால் பாவம். சிரக்யூஸின் டுவேன் வாஷிங்டன். சின்ன வயதிலேயே புரூக்ளின் மைதானங்களில் பேர்ல் என்று பெயர் வாங்கியவர். 1984 ஜனவரியில் பாஸ்டன் காலேஜுக்கு எதிராக ஆட்டம் முடியும் நொடியில் நடுக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து, அது உள்ளே விழுந்ததா என்று நின்று பார்க்காமல் அப்படியே ஓட்டமாக உள்ளே போய்விட்டார். 1985 ஜனவரியில் ஜார்ஜ்டவுனை 65–63 என்று வீழ்த்திய கடைசி ஷாட்டும் அவருடையதுதான். என்.பி.ஏ.வில் அவர் நிலைக்கவில்லை, மூன்றே வருடம். 2016-இல் மூளைக் கட்டியால் இறந்தபோது வயது 52. சிரக்யூஸின் அரங்கான கேரியர் டோமில் முப்பதாயிரம் பேரை அவர் எழுந்து நிற்க வைத்த அந்த மூன்று வருடங்களுக்கு எந்த என்.பி.ஏ. கணக்கும் ஈடாகாது.

பழையநாளிதழ்

பட்டியலின் அடியில் இருந்தவர்களுக்கும் ஒரு வரி. 3–13 என்று முடித்த ப்ராவிடென்ஸ் பெஞ்சில் அதிகம் ஆடாத ஒரு இரண்டாம் ஆண்டுப் பையன் இருந்தார், பில்லி டொனவன். ரிக் பிட்டினோ கோச்சாக வந்து, மூன்று புள்ளிக் கோடும் வந்து, 1987-இல் அதே டொனவன் ப்ராவிடென்ஸை ஃபைனல் ஃபோருக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு லீக் வெற்றி பெற்ற செட்டன் ஹால் 1989-இல் தேசிய இறுதிக்குப் போய் ஒரு புள்ளியில் தோற்றது.

தூறல்

நேற்றிரவு உட்கார்ந்து அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டேன். மணி அடிக்கும்போது மெக்லெய்ன் தரையில் விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கையை உயர்த்துவது கண்ணிலேயே இருக்கிறது. ஆனால் என்னை அழ வைத்தது அதற்குப் பிறகு வந்தது. பரிசளிப்பின்போது தோற்ற ஜார்ஜ்டவுன் பையன்கள் எழுந்து நின்று வில்லனோவாவுக்குக் கை தட்டுகிறார்கள். யூயிங்கும் தட்டுகிறார். இத்தனை நாள் அவர்களை முரடர்கள் என்று எழுதியவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தார்களா?

கடைசிவரிசை

நானும் மூன்று முறையும் அந்த இடத்தில் நிறுத்தித்தான் பார்த்தேன், தூறல்.

ஜனவரி 26 ஆட்டம், அந்த 66–65, முழுதாகக் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை இரவு பார்க்கப் போகிறேன். இடக்கை, நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள். மல்லினின் ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.